எருக்குவியலில் கிடந்த பதினொரு முட்டைகள்

பதுளை மாவட்டத்தில் பசறைப் பக்கத்துத் தோட்டமொன்றிலிருந்து ஒரு சகோதரி எழுதிய நான்கு பக்கக் கடிதம் என் மேசையில் இருக்கிறது. அவரை அடையாளம் காட்டக்கூடிய விபரங்களை நீக்கிவிட்டு, கடிதத்தின் சாரத்தை முதலில் தருகிறேன்.

அவருக்கு வயது 28; ஐந்து மாதக் கர்ப்பிணி. கணவர் கொழும்பில் கடையொன்றில் வேலை செய்வதால், மாமியார், கொழுந்தனார், ஐந்து வயது மகன் ஆகியோருடன் லயத்தின் (தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகளின்) தொங்கல் காம்பராவில், அதாவது கடைசி அறையில், வசிக்கிறார். காம்பராவின் பின்புறம் மாட்டுப்பட்டியும் அதை ஒட்டி ஓர் எருக்குவியலும் உண்டு. சென்ற ஞாயிற்றுக்கிழமை போஞ்சிப் பாத்திக்கு எரு எடுப்பதற்காக அவர் குவியலை மண்வெட்டியால் வெட்டியபோது, உள்ளே ஒன்றோடொன்று ஒட்டிய நிலையில் 11 வெள்ளை முட்டைகள் இருந்திருக்கின்றன. அவற்றின்மேல் சுருண்டு கிடந்த பெரிய பாம்பொன்று தலையைத் தூக்கி, கழுத்தைப் புடைத்து, பூனை உறுமுவது போல ஓசை எழுப்பியிருக்கிறது. சத்தம் கேட்டு ஓடிவந்த கொழுந்தனார் அதை அடித்துக் கொன்றுவிட்டார். ஆறடிக்கு மேற்பட்ட நீளம், மண்ணிறம், வால்புறத்தில் கறுப்புப் பட்டிகள், உதடுகளில் கறுப்புக் கோடுகள், பெரிய கண்கள் என்று பாம்பை அவர் வர்ணிக்கிறார். அது படம் விரித்ததா என்பதில் லயத்தில் இரண்டு கட்சி. "பெண் நாகத்துக்குப் படம் கிடையாது" என்று ஒரு பெரியவர் தீர்ப்புச் சொல்லவே, பாலூற்றி, காசு வைத்து, பாம்பை எரித்துவிட்டார்கள்.

மண்வெட்டி பட்டு மூன்று முட்டைகள் உடைந்தன. அவற்றில் ஒன்றுக்குள் செதில்களோடு உருவான குட்டியொன்று அசைந்ததை அவர் கண்டிருக்கிறார். மீதி எட்டையும் மகன் வாளியொன்றில் மண் போட்டு வைத்துக்கொண்டு, அடைக்கோழியின் கீழ் வைக்க வேண்டுமென்று அடம்பிடிக்கிறான். மாமியார் மண்ணெண்ணெய் ஊற்றிக் கொளுத்தச் சொல்கிறார். டவுனிலிருந்து வந்த ஒருவர் ஒரு முட்டைக்கு இவ்வளவு என்று விலை பேசிவிட்டுப் போயிருக்கிறார். இச்சம்பவத்துக்கு மூன்று வாரங்களுக்கு முன்னர் கொழுந்து மலைக்குப் போகும் பாதையில் இரண்டு பாம்புகள் பிணைந்து நிமிர்ந்து ஆடியதும், கொழுந்தனார் தன் துண்டை அவற்றின்மேல் வீசி எடுத்துப் பெட்டியில் பத்திரப்படுத்தியதும், எருவுக்குள் கறுப்புப் புழுக்கள் போன்ற இரண்டு சிறு பாம்புகள் நெளிந்ததும் கடிதத்தில் வருகின்றன. ஜோடிப் பாம்பு பழிவாங்க வருமா, வயிற்றிலிருக்கும் பிள்ளைக்கு நாகதோஷம் உண்டாகுமா, முட்டைகளை என்ன செய்வது என்பவையே அவருடைய கேள்விகள். "மண்வெட்டியைப் போட்டது நான்தான், பாவமும் எனக்குத்தான்" என்று கடிதம் முடிகிறது.

அன்புள்ள சகோதரிக்கு,

மற்றவற்றைப் படிப்பதற்கு முன்னர் ஒரு காரியத்தைச் செய்துவிடுங்கள். அந்த வாளியை மகனின் கைக்கு எட்டாத இடத்தில், காம்பராவுக்கு வெளியே, வெயிலும் மழையும் படாதவாறு வைத்து, காற்றுப் போகும் சிறு துளைகளுள்ள மூடியொன்றால் மூடி, மேலே ஒரு கல்லை ஏற்றச் சொல்லுங்கள். தூக்குபவர் கொழுந்தனாராக இருக்கட்டும். வாளியைக் குலுக்கவோ, முட்டைகளைப் புரட்டவோ, ஒட்டியிருப்பவற்றைப் பிரிக்கவோ வேண்டாம். முட்டைகளைத் தொட்ட மகனும் எருவைக் கிளறிய நீங்களும் சவர்க்காரம் போட்டுக் கைகளை நன்றாகக் கழுவுங்கள். ஊர்வனவற்றின் உடலிலும் கழிவிலும் சல்மொனெல்லா என்னும் கிருமி இருப்பதுண்டு. சிறுவருக்கும் கர்ப்பிணிகளுக்கும் அது ஆகாது.

நான் கால்நடை வைத்தியன். தோட்டங்களில் மாட்டு டாக்டர் என்றால்தான் தெரியும். பசுவுக்குச் சினை ஊசி போடப் போகுமிடங்களில் மாட்டைவிடப் பாம்பைப் பற்றிய கேள்விகளே எனக்கு அதிகம் வந்திருக்கின்றன. பட்டியும் எருவும் இருக்குமிடத்தில் எலி இருக்கும். எலி இருக்குமிடத்துக்குப் பாம்பும் வரும் என்பதால் இந்த இரண்டு விடயங்களையும் நான் பிரித்துப் பார்த்ததே இல்லை.

அது நாகமா, சாரையா?

நீங்கள் எழுதிய அடையாளங்களை வைத்துப் பார்த்தால், கொல்லப்பட்டது பெரும்பாலும் சாரைப்பாம்பு. சாரைக்கு விஷமில்லை. பின்னுடலிலும் வாலிலும் கறுப்புப் பட்டிகளும், உதட்டுச் செதில்களின் ஓரங்களில் மை தீட்டியது போன்ற கறுப்புக் கோடுகளும், பெரிய வட்டக் கண்களும் அதற்குரிய அடையாளங்கள். நீங்கள் கேட்ட உறுமலும் அப்படித்தான்: வழி அடைபட்ட சாரை தொண்டையை மேலும் கீழுமாகப் புடைத்துக்கொண்டு உறுமும். நாகம் கழுத்தை இரு பக்கமாகவும் தட்டையாக விரிக்கும். பதற்றத்தில் பார்ப்பவருக்கு இரண்டும் ஒன்றாகவே தோன்றும் என்பதால் லயத்தில் இரண்டு கட்சி உருவானதில் வியப்பில்லை.

அந்தப் பெரியவரின் தீர்ப்பை மட்டும் என்னால் ஏற்க முடியவில்லை. ஆண் நாகத்துக்கும் படம் உண்டு, பெண் நாகத்துக்கும் படம் உண்டு; முட்டையிலிருந்து வெளிவந்த அன்றே குட்டியும் படம் விரிக்கும். படமில்லாத நாகம் என்று நம் ஊர்களில் சொல்லப்படுவது பெரும்பாலும் சாரையையே. இதிலிருந்துதான் சாரை ஆண், நாகம் பெண், இரண்டும் சேர்ந்தே குட்டி உண்டாகும் என்ற கதையும் பிறந்திருக்க வேண்டும். சாரையும் நாகமும் வெவ்வேறு குடும்பத்தைச் சேர்ந்தவை. மாடும் எருமையும் ஒரே பட்டியில் கட்டப்பட்டிருந்தாலும் கன்று உண்டாகாது என்பதை உங்கள் மாமியார் நன்றாக அறிவார். அவை இரண்டையும்விடச் சாரையும் நாகமும் தூரத்து உறவு.

முட்டைகளைச் சுற்றிக் காவலிருந்தது நாகம் என்பதற்குச் சான்றாகாதா என்று கேட்கிறீர்கள். பெண் நாகம் முட்டைகளோடு தங்கியிருப்பது உண்மைதான்; ஆனால் சாரையும் தன் முட்டைகளின்மேல் சுருண்டு கிடப்பதைப் பலர் கண்டிருக்கிறார்கள். எண்ணிக்கையும் கைகொடுக்காது. நாகம் ஒரு தடவையில் ஏறத்தாழ 10 முதல் 30 வரை முட்டையிடும், சாரை பெரும்பாலும் 6 முதல் 15 வரை இடும் என்பதால், 11 என்ற உங்கள் கணக்கு இரண்டுக்கும் பொருந்துகிறது. முட்டையை மட்டும் பார்த்து இனம் சொல்வது எனக்கும் இயலாத காரியம். பணியில் சேர்ந்த புதிதில் பால் சேகரிக்கும் இடமொன்றில் ஒருவர் கொண்டுவந்து காட்டிய சிறு முட்டைகளை, பத்துப் பேர் முன்னிலையில், பாம்பு முட்டை என்று அடித்துச் சொன்னேன். சில வாரங்களின் பின்னர் அவற்றிலிருந்து ஓணான் குட்டிகள் வெளியே வந்தன. அதன் பிறகு அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் "டொக்டர், உங்கட பாம்பு மரத்தில ஏறிட்டுது" என்பார்கள்.

ஆகவே சாரை என்பது என் ஊகம். பாம்பை எரித்துவிட்ட பின்னர் உறுதி செய்ய வழியில்லை. நூற்றில் ஒரு பங்கு சந்தேகம் இருந்தாலும், முட்டைகளை நாக முட்டைகளாகவே கருதிக் கையாளுங்கள். நாகக்குட்டிக்குப் பிறந்த கணத்திலேயே விஷம் உண்டு. விஷப்பை சிறியது என்பதால் அளவு குறைவாக இருக்கலாம். ஆனால் கடிபடுவது ஐந்து வயதுப் பிள்ளையாக இருந்தால் அந்தக் கணக்கை நம்பி உட்கார முடியாது.

பிணைந்து ஆடியவையும் எருவில் நெளிந்தவையும்

பாதையில் நிமிர்ந்து ஆடியவற்றை உங்கள் வீட்டில் எல்லோரும் ஆணும் பெண்ணும் என்றே எடுத்துக்கொண்டிருக்கிறீர்கள். அநேகமாக அவை இரண்டும் ஆண் சாரைகள். பெண்ணை நாடி வந்த இடத்தில் இரண்டு ஆண்கள் சந்தித்தால், உடலைக் கயிறு போல முறுக்கிக்கொண்டு, முன்னுடலை உயர்த்தி, ஒன்றின் தலையை மற்றது கீழே அமுக்க முயலும். கடித்துக் குதறுவதில்லை, களைத்தது விலகிப் போய்விடும். உண்மையான புணர்ச்சி தரையோடு தரையாக, அதிக ஆர்ப்பாட்டமில்லாமல் நெடுநேரம் நடப்பது. அதைக் காணக் கிடைப்பது அரிது. கொழுந்தனார் பெட்டியில் வைத்திருக்கும் துண்டு ஒரு மல்யுத்தத்தின் ஞாபகார்த்தம் என்று அவரிடம் சொல்லி, அதைத் துவைத்து வேலைக்குக் கட்டிக்கொண்டு போகச் சொல்லுங்கள். அடுத்த தடவை அவ்வளவு அருகில் போகவும் வேண்டாம்.

அந்த ஆட்டத்துக்கும் எருவில் இருந்த முட்டைகளுக்கும் முடிச்சுப் போடுவதற்குக் காலக்கணக்கும் இடம் தரவில்லை. புணர்ந்த பின்னர் பெண்ணின் உடலுக்குள் முட்டை உருவாகவே வாரக்கணக்கில் ஆகும். இட்ட பின்னர் குட்டி வெளிவரச் சாரைக்கும் நாகத்துக்கும் ஏறத்தாழ இரண்டு மாதங்கள் தேவை. செதில்களோடு அசையும் குட்டியை நீங்கள் கண்டீர்கள் என்றால், பாதையில் அந்தப் பாம்புகள் ஆடிய நாளில் இந்த முட்டைகள் ஏற்கனவே உங்கள் எருவுக்குள் இருந்திருக்கின்றன.

புழு போன்ற இரண்டும் இந்த முட்டைகளிலிருந்து வந்த குட்டிகள் அல்ல. அவை புழுப்பாம்புகள், அரையடி நீளம்கூட இல்லாத அவை முழுவளர்ச்சி அடைந்தவை. கண்கள் இரண்டு கறுப்புப் புள்ளிகளாகத் தேய்ந்திருக்கும். எறும்பு, கறையான் ஆகியவற்றின் முட்டைகளையும் புழுக்களையும் தின்று வாழும் அவற்றால் ஒருவருக்கும் தீங்கில்லை. இவ்வினத்தில் ஆணே கிடையாது. எல்லாமே பெண், ஆணின் துணையின்றியே ஒவ்வொன்றும் சில சிறு முட்டைகளை இட்டு, தன்னைப் போன்ற பெண்களையே பெறுகிறது. பூஞ்செடிச் சட்டிகளின் மண்ணோடு கப்பலேறி உலகின் பாதியை இது பிடித்துக்கொண்டதற்கு அதுவே காரணம், ஏனெனில் ஒன்று போய்ச் சேர்ந்தாலே போதும்.

வாளியில் உள்ள எட்டு

இப்போது முட்டைகளுக்கு வருகிறேன். அடைக்கோழி யோசனை மகனுக்கு ஏமாற்றமாக முடியும். கோழியின் உடற்சூடு பாம்பு முட்டைக்கு மிக அதிகம். அதோடு கோழி நாளுக்குப் பல தடவை முட்டைகளைப் புரட்டும். கோழி முட்டைக்கு அது நன்மை, பாம்பு முட்டைக்கு நஞ்சு. பாம்பின் கரு முட்டைத்தோலின் மேற்புறத்தில் ஒட்டிக்கொண்டு வளர்வதால், தலைகீழாகப் புரட்டினால் அது சாகக்கூடும். தப்பிப் பிழைத்து ஒன்று வெளியே வந்தாலும் அதே கோழி அதைக் கொத்தித் தின்றுவிடும்.

எரிக்க வேண்டாம் என்பதற்கு எனக்கு இரண்டு காரணங்கள் உண்டு. காய்ந்த சாணமும் வைக்கோலும் உள்ள பட்டிக்கு அருகில் மண்ணெண்ணெய்த் தீ மூட்டுவது பாம்பைவிடப் பெரிய ஆபத்து. மற்றது, நம் நாட்டின் 1937 ஆம் ஆண்டின் 2 ஆம் இலக்க வனவிலங்கு, தாவரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டமும் அதன் பிந்திய திருத்தங்களும் ஊர்வன பலவற்றுக்குப் பாதுகாப்பு அளிக்கின்றன. தற்செயலாக மண்வெட்டி பட்டதற்காக யாரும் உங்கள் வாசலுக்கு வரப்போவதில்லை. ஆனால் விலை பேசிய அந்த மனிதருக்கு முட்டைகளைக் கொடுத்துக் காசு வாங்கினால் கதை வேறாகிவிடும். காசு கையில் கிடைப்பதற்கு முன்னரே மறுத்துவிடுங்கள். அவர் மலைப்பாம்பு முட்டை என்று நினைத்துக்கொண்டு வந்திருப்பார் என்பது என் எண்ணம்.

நல்ல வழி, வனசீவராசிகள் திணைக்களத்தின் 1992 என்ற இலக்கத்துக்கு அழைத்து, தோட்டத்தின் பெயரையும் முட்டைகள் கிடைத்த விதத்தையும் சொல்வது. குட்டிகள் முதிர்ந்த நிலையில் இருப்பதால் இன்றே அழையுங்கள். நாட்களைத் தள்ளினால் வாளிக்குள்ளேயே பொரித்துவிடும். முட்டைத்தோலில் கத்தியால் கீறியது போன்ற வெட்டுகள் தென்பட்டால், குட்டிகள் மூக்குநுனியிலுள்ள சிறு பல்லால் தோலைக் கிழிக்கத் தொடங்கிவிட்டன என்று பொருள். தலையை மட்டும் வெளியே நீட்டிக்கொண்டு ஓரிரு நாள் உள்ளேயே கிடந்து, மீதமுள்ள மஞ்சட்கருவை உறிஞ்சிய பின்னரே அவை வெளியேறும். அந்த நிலையில் மூடியைத் திறந்து பார்க்கக்கூடாது.

உத்தியோகத்தர்கள் உடனே வர முடியாவிட்டால், இரண்டாவது வழியொன்று இருக்கிறது. கொழுந்தனார் சப்பாத்து அணிந்து, வாளியைச் சாய்க்காமல் எடுத்துச் சென்று, லயத்துக்கும் தண்ணீர் பிடிக்கும் பீலிக்கும் நடைபாதைக்கும் தூரமான காட்டோரத்தில், நீர் தேங்காத சரிவொன்றில், அரையடி ஆழத்தில் உக்கிய இலைகளுக்கிடையே முட்டைகளை மண்ணோடு சேர்த்து, இப்போதிருக்கும் நிலை மாறாமல், மண்வாரியால் இறக்கி மூடிவிடலாம். இடம் மாறிய முட்டைகள் எல்லாம் பிழைக்கும் என்று நான் உறுதி தர மாட்டேன். பாதி பிழைத்தாலும் நல்லதே. எடுத்த இடத்திலேயே திரும்ப வைப்பதுதான் குட்டிகளுக்கு மிக நல்லது என்றாலும், பிள்ளைகள் விளையாடும் பின்புறத்தில், இனம் உறுதியாகாத எட்டு முட்டைகளை வைக்கும்படி ஒரு கர்ப்பிணிக்கு என்னால் எழுத முடியாது. உடைந்த மூன்றையும் எருவோடு அள்ளி ஆழமாகப் புதைத்துவிடுங்கள்.

உங்கள் வீட்டுப் பின்புறத்தை அந்தப் பாம்பு தேர்ந்தெடுத்ததற்குச் சாபமோ சகுனமோ காரணமில்லை. மலைநாட்டின் குளிரில் முட்டை பொரிப்பதற்குச் சூடான இடம் கிடைப்பது அரிது. உக்கிக்கொண்டிருக்கும் சாணம் இரவிலும் சூடாகவும் ஈரமாகவும் இருக்கும். தோல் போன்ற ஓட்டின் வழியே அந்த ஈரத்தை உறிஞ்சித்தான் பாம்பு முட்டை வளர வளரப் பருக்கிறது. ஒரு தாய்ப்பாம்பின் கண்ணுக்கு உங்கள் எருக்குவியல் நல்ல பிரசவ அறை. குவியலைக் காம்பராவிலிருந்து தள்ளி மாற்றி, இரண்டு வாரங்களுக்கொரு முறை நீண்ட பிடியுள்ள முள்ளால் கிளறிவிட்டால், அங்கே எதுவும் முட்டையிட்டு இரண்டு மாதம் காத்திருக்காது. வெள்ளைப்பூண்டு, கல்லுப்பு, மண்ணெண்ணெய் எதுவும் பாம்பை நிறுத்தாது. அந்தக் காசுக்கு நல்ல டோர்ச் லைட் ஒன்று வாங்கலாம்.

பழியும் தோஷமும்

பாம்புகள் குடும்பம் நடத்துவதில்லை. புணர்ச்சி முடிந்ததும் ஆண் தன் வழியே போய்விடும். பெண் எங்கே முட்டையிட்டது என்பதும் அதற்குத் தெரியாது. பெண் பாம்பு விந்தைத் தன் உடலுக்குள் மாதக்கணக்கில் சேமித்து வைத்துப் பின்னர் பயன்படுத்தவும் வல்லது என்பதால், முட்டையிடும் காலத்தில் ஜோடி என்று ஒன்று அருகில் இருக்க வேண்டிய தேவையும் இல்லை. கொன்றவரின் முகத்தை ஞாபகம் வைத்திருந்து தேடி வரும் பாம்பைக் கதைகளில் மட்டுமே காணலாம். ஒன்றை மட்டும் சொல்லிவிடுகிறேன்: இனச்சேர்க்கைக் காலத்தில் ஆண், நாக்கை நீட்டிப் பெண்ணின் வாசனைத் தடத்தைப் பற்றிக்கொண்டு வரும். அந்தத் தடத்தில் ஒன்று உங்கள் பின்புறத்துக்கு வந்தால் லயமே பழிவாங்க வந்ததென்று சொல்லும். வந்தால் விலகி நின்று போகவிடுங்கள்.

நாகதோஷம் பற்றி வைத்தியன் ஒருவன் பேசுவது உங்கள் மாமியாருக்குப் பிடிக்காமல் போகலாம். பாம்பு இறந்ததால் வயிற்றிலுள்ள சிசுவின் உடலுக்கு எதுவும் நேராது என்பதை மட்டும் என் தொழிலின் பெயரால் உறுதியாகச் சொல்வேன். தோட்டத்து மாரியம்மன் கோயிலில் விளக்கேற்றினால் வீட்டில் அமைதி உண்டாகும் என்றால் தாராளமாக ஏற்றுங்கள். ஆனால் பரிகாரத்துக்காக இப்போதே நயினாதீவு நாகபூசணி அம்மன் கோயிலுக்குப் போகவேண்டும் என்று அவர் வற்புறுத்துவதாக எழுதியிருக்கிறீர்கள். பசறையிலிருந்து யாழ்ப்பாணம், அங்கிருந்து குறிகட்டுவான், அதற்குமேல் படகு என்பது ஐந்து மாத வயிற்றோடு போகும் சின்னப் பயணமா? உங்கள் பகுதி மருத்துவ மாதுவிடம் கேளுங்கள். அவர் தயங்கினால், அம்மன் பிள்ளை பிறந்த பின்னரும் அங்கேதான் இருப்பாள் என்று மாமியாரிடம் மெதுவாகச் சொல்லிப் பாருங்கள். பணம் பிடுங்கும் பரிகாரக்காரர்களுக்கு மட்டும் கதவைத் திறக்காதீர்கள்.

இந்த நம்பிக்கைகளுக்குள் ஒன்று உண்மையிலேயே ஆபத்தானது. கர்ப்பிணியின் நிழல் பட்டால் பாம்பின் கண் தெரியாது, அவளை அது தீண்டாது என்று லயத்தில் சொல்வதாகவும், அதனால்தான் எரு அள்ளும் வேலையை உங்களிடமே விட்டதாகவும் எழுதியிருக்கிறீர்கள். இது முழுப் பொய். பாம்புக்குக் கர்ப்பிணி யாரென்று தெரியாது. கடித்தால் தாய்க்கும் சிசுவுக்கும் சேர்த்தே ஆபத்து. பிள்ளை பிறக்கும்வரை எரு, விறகு, கல்லடுக்கு ஆகியவற்றைக் கிளறும் வேலைகளை நீங்கள் செய்யக்கூடாது. இதை வைத்தியரின் உத்தரவாகவே வீட்டில் படித்துக் காட்டலாம்.

முட்டையே இடாதவை

உங்கள் கடிதம் முழுவதும் முட்டையைப் பற்றியது. எனக்கோ உங்கள் தோட்டத்தில் முட்டையே இடாத பாம்புகளைப் பற்றித்தான் கவலை அதிகம். உயரம் கூடி, குளிர் கூடக் கூட நாகமும் கண்ணாடி விரியனும் குறைந்துகொண்டே போகும். தேயிலை மலைகளில் கொழுந்து பறிப்பவரின் கைக்கும் காலுக்கும் மிக அருகில் இருப்பவை கோப்பி விரியனும் பச்சை விரியனும்; இரண்டுமே குட்டி போடுபவை. முட்டைகள் தாயின் உடலுக்குள்ளேயே தங்கி வளர, தாய் வெயில் கிடைக்கும் இடத்துக்கு நகர்ந்து நகர்ந்து அவற்றைச் சூடாக்கிக்கொள்கிறது. நடமாடும் எருக்குவியல் என்று வைத்துக்கொள்ளுங்கள். குளிர்ப் பிரதேசங்களில் குட்டி போடும் ஊர்வன அதிகமாகக் காணப்படுவதற்கு இதையே அறிஞர்கள் காரணமாகக் கருதுகிறார்கள்.

குட்டிகள் வயிற்றைக் கிழித்துக்கொண்டு வருவதால் தாய் விரிந்து செத்துவிடும், அதனாலேயே அதற்கு விரியன் என்று பெயர் என்று நானும் சிறுவயதில் கேட்டிருக்கிறேன். அப்படி எதுவும் நடப்பதில்லை. மெல்லிய சவ்வுக்குள் சுருண்டபடி குட்டிகள் ஒவ்வொன்றாகப் பிறக்கும். தாய் உயிரோடிருந்து பின்னரும் ஈனும். குட்டி போட்ட விரியன் செத்துவிட்டது, இனி அந்த இடத்தில் பயமில்லை என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். பிறந்த கோப்பி விரியன் குட்டி ஒரு சாணுக்கும் குறைவு, காய்ந்த தேயிலைச் சருகின் நிறம். விஷமோ பிறக்கும்போதே தயார்.

இலங்கையில் மிக அதிகமானோரைக் கடிக்கும் விஷப்பாம்புகளில் கோப்பி விரியன் முன்னிலையில் இருக்கிறது. கடிபட்டவரில் பலர் வீக்கத்தோடும் வலியோடும் தப்பிவிடுவதால், "சின்னப் பூச்சிதானே" என்று பத்துப் போட்டுக்கொண்டு வீட்டில் கிடப்பவர் உண்டு. சிலருக்கு இரத்தம் உறையாமல் போகும், சிலருக்குச் சிறுநீரகம் பழுதாகும். நம் வைத்தியசாலைகளில் உள்ள இந்திய விஷமுறிவு மருந்து நாகம், எண்ணெய் விரியன் (கட்டுவிரியன்), கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்குக்கு எதிராகவே தயாரிக்கப்பட்டது. கோப்பி விரியனுக்கும் பச்சை விரியனுக்கும் அது உதவாது. வைத்தியசாலையில் இருந்து இரத்தத்தையும் சிறுநீரையும் திரும்பத் திரும்பச் சோதித்துக்கொள்வதுதான் அவற்றின் கடிக்குச் சிகிச்சை. எந்தப் பாம்பு என்பது வைத்தியருக்கு அவசியமாவதும் இதனாலேயே. தூரத்திலிருந்து கைத்தொலைபேசியில் ஒரு படம் எடுக்க முடிந்தால் எடுங்கள். அடித்துக் கொண்டுவர வேண்டாம். செத்த பாம்பின் தலையும் சிறிது நேரத்துக்குக் கடிக்கும்.

கடிபட்டவரைப் பதற்றப்படுத்தாமல், வளையல், மோதிரம், கொலுசு ஆகியவற்றைக் கழற்றி, கடிபட்ட கையையோ காலையோ அசையாமல் வைத்து 1990 சுவசெரிய அம்புலன்ஸ் சேவையை அழையுங்கள். வாகனம் கைவசம் இருந்தால் அதிலேயே புறப்படுங்கள். இறுக்கிக் கட்டுவது, கீறுவது, வாயால் உறிஞ்சுவது, பார்வை பார்ப்பதற்காக (மந்திரிப்பதற்காக) காத்திருப்பது ஆகிய நான்கும் வேண்டாம். கடிபட்டவர் கர்ப்பிணி என்றாலும், தேவைப்பட்டால் விஷமுறிவு மருந்து ஏற்றலாம். "வயித்துப் பிள்ளைக்கு ஆகாது" என்று வீட்டார் தடுக்கக்கூடாது. வேலை நேரத்தில் கடிபட்டால், தோட்டத்து மருந்தகத்திலும் வேலைப் பதிவிலும் நேரத்தையும் மலையையும் அன்றே எழுதுவிக்க வேண்டும். 1934 ஆம் ஆண்டின் 19 ஆம் இலக்க வேலையாட்கள் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டத்தின்படி கோரிக்கை வைக்க அந்தப் பதிவு உதவும். மேற்கொண்டு விபரங்களுக்குத் தொழில் அலுவலகத்தை அணுகுங்கள்.

மகன் கடிதத்தின் அடியில் தன் கையெழுத்தில் ஒரு கேள்வியைச் சேர்த்திருக்கிறான்: அம்மா செத்துவிட்டால் குட்டிகளுக்கு யார் பால் கொடுப்பார்கள்? அவனுக்கு என் பதில் இது. தம்பி, பாம்புக் குட்டிக்கு அம்மா இருந்தாலும் பால் கொடுக்க மாட்டாள். பாம்புக்குப் பாலே கிடையாது. நீ கோழி முட்டையில் பார்க்கும் மஞ்சட்கரு மாதிரி ஒன்றை அந்த அம்மா முட்டைக்குள்ளேயே கட்டுச்சோறாக வைத்துவிட்டாள். குட்டி அதைச் சாப்பிட்டு முடித்துத்தான் வெளியே வரும். வந்து ஒரு வாரம், பத்து நாளில் முதல் சட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டு, தவளைக் குஞ்சு தேடித் தானாகவே கிளம்பிவிடும். நீ வாளியைத் திறக்காமல் வனசீவராசிகள் மாமாக்களிடம் கொடுத்தால் போதும்.